பாலியல் பாவம் என்றால் மட்டும் ஏன் கல்லைத் தேடுகிறோம்?

துளிர்

எங்கள் வேதபாடக் குழுவில் இப்போது முதலாம் கொரிந்தியர் போய்க்கொண்டிருக்கிறது. ஐந்தாம் அதிகாரத்தில், தகப்பனுடைய மனைவியை வைத்திருந்தவனைச் சபையைவிட்டு விலக்கச் சொல்கிறார் பவுல். ஆறாம் அதிகாரத்தில், தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்காதவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல். வேசிமார்க்கத்தாரும் விபசாரக்காரரும் அதில் உண்டு. அதே மூச்சில் பொருளாசைக்காரர், வெறியர் (குடிவெறியர்), உதாசினர் (பழித்துப் பேசுகிறவர்), கொள்ளைக்காரர் என்றும் வருகிறது.

பொருளாசைக்காகத் திருவிருந்து மறுக்கப்பட்ட ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. நாக்கால் அடுத்தவர் பெயரைக் கிழிக்கிறவரை எந்தச் சபையும் கூப்பிட்டு விசாரித்ததில்லை. கல்யாணத்துக்கு முன் கருத்தரித்த பெண்ணை என்ன செய்தார்கள் என்று கேட்டால், இங்கே ஆளுக்கு ஒரு சம்பவம் சொல்வீர்கள்.

பாவத்தைப் பாவமில்லை என்று சொல்ல நான் வரவில்லை. "மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்" என்பதும் வேதம்தான், "பொல்லாதவனை உங்களைவிட்டுத் தள்ளிப்போடுங்கள்" என்பதும் வேதம்தான். இரண்டையும் ஒரே ஆள் எப்படிக் கைக்கொள்வது? எல்லாத் திருச்சபைக்காரரும் பதில் சொல்லலாம். சண்டை மட்டும் வேண்டாம்.

கல்தூண்

நல்ல கேள்வி, சகோதரி. ஆனால் பட்டியலில் எல்லாம் ஒன்றாக இருப்பதால் எல்லாம் ஒரே தன்மை உடையவை என்று ஆகிவிடாது. அதே ஆறாம் அதிகாரத்தில் பவுலே பிரித்துக் காட்டுகிறார்: மற்றப் பாவங்கள் சரீரத்துக்குப் புறம்பானவை, வேசித்தனம் செய்கிறவனோ தன் சுயசரீரத்துக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்கிறான். சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்ற வசனம் அதற்கு அடுத்ததாகவே வருகிறது. இரண்டு பேருடைய உடலும் உள்ளமும் வாக்குறுதியும் பிறக்கப்போகும் பிள்ளையும் சம்பந்தப்பட்ட காரியத்தை, இலேசாக எடுத்துக்கொள்வதுதான் அன்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

இயேசு சட்டத்தைத் தளர்த்தவும் இல்லை. இச்சையோடு பார்த்தாலே இருதயத்தில் விபசாரம் செய்தாயிற்று என்று இறுக்கினார். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் சம்பவத்தை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள்; பாதிப் பேர் "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். "நீ போ, இனிப் பாவஞ்செய்யாதே" என்பதும் அதே வாயிலிருந்து வந்ததுதான். அதை வெட்டிவிட்டு மீதியை மட்டும் ஆறுதலாகக் கொடுத்தால், அவளுக்கு இயேசு கொடுத்ததில் பாதியைத்தான் நாம் கொடுக்கிறோம்.

மார்த்தாள்

கல்தூண் அண்ணா, வெட்டக்கூடாதுன்னு சொல்றீங்க, சரி. அந்தச் சம்பவத்துல முதல்லயே வெட்டுப்பட்ட ஒண்ணு இருக்கே, அதையும் கேளுங்க. "விபசாரத்தில் கையும் மெய்யுமாகப் பிடிக்கப்பட்டாள்"னு கொண்டுவர்றாங்க. அந்த ஆள் எங்கே? லேவியராகமம் 20:10 ரெண்டு பேரையும் சொல்லுது. உபாகமம் 22:22 ரெண்டு பேரையும் சொல்லுது. மோசேயோட சட்டத்தைக் காப்பாத்தறோம்னு வந்தவங்க அந்தச் சட்டத்துல பாதியைத்தான் கையில வச்சிருந்தாங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரு சபையில, ஒரு பொண்ணு எல்லார் முன்னாடியும் நின்னு மன்னிப்புக் கேட்டா. அந்தப் பையன் வேற சபைக்குப் போய் பாட்டுக்குழுவுல சேர்ந்துட்டான். யாரும் அவனைப் பத்தி ஒரு கடிதம்கூட அந்தச் சபைக்கு எழுதல. அவ திரும்ப எந்தச் சபைக்கும் போகல. ஊரு பேரெல்லாம் சொல்ல மாட்டேன், அவளுக்குப் பாதுகாப்பில்ல. இது ஒழுங்கு நடவடிக்கைன்னா, எதை ஒழுங்கு பண்ணிச்சு?

ஏட்டுச்சுவடி

மார்த்தாள் அக்கா கேட்ட கேள்வி பழமையானது. திருச்சபைப் பிதாக்கள் என்று அழைக்கப்படும் முற்காலக் கிறிஸ்தவ ஆசான்களையே உறுத்தியது.

முதலில், விபசாரத்தில் பிடிபட்ட அந்தப் பெண்ணின் சம்பவம் வரும் யோவான் 8 பகுதி. பழைய கிரேக்கப் பிரதிகளான சீனாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் அது இல்லை. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பேசாச் சுவடியில் இருக்கிறது. சில பிரதிகளில் லூக்கா 21ஆம் அதிகாரத்தின் கடைசியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. யோவான் எழுதிய மூலத்தில் இது இருந்திருக்காது என்பதுதான் இன்றைய பெரும்பாலான பிரதி ஆய்வாளர்களின் முடிவு. சம்பவமே பிற்காலக் கற்பனை என்று அதற்கு அர்த்தமில்லை. மூன்றாம் நூற்றாண்டில் ஆயர்களுக்கு எழுதப்பட்ட ஒரு கையேடு, மனந்திரும்பி வருகிறவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இந்தச் சம்பவத்தையே முன்மாதிரியாகக் காட்டுகிறது. சிலருடைய பிரதிகளில் இது ஏன் இல்லை என்பதற்கு ஆயர் அகுஸ்தீன் ஒரு காரணம் சொன்னார்: தங்கள் மனைவிகளுக்குப் பாவம் செய்யத் துணிச்சல் வந்துவிடுமோ என்று பயந்த ஆண்கள் இதை நீக்கிவிட்டார்கள் என்று. வரலாற்றுப்படி அவர் சொன்னது சரியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் தன் காலத்துக் கணவர்களை அவர் எப்படி அறிந்துவைத்திருந்தார் என்பது அதில் தெரிகிறது.

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினில் ஆயர்கள் கூடிய எல்விரா சங்கத்தின் பெயரில் வழங்கும் சட்டங்களைப் பாருங்கள். கோபத்தில் தன் அடிமைப் பணிப்பெண்ணைச் சாகும்படி அடித்த எஜமானிக்கு, வேண்டுமென்றே செய்திருந்தால் ஏழு வருடத் தவம் (திருவிருந்திலிருந்து விலக்கப்பட்டு மனந்திரும்பும் காலம்), தவறுதலாக நேர்ந்திருந்தால் ஐந்து. காரணமின்றிக் கணவனை விட்டுவிட்டு வேறொருவனோடு சேர்ந்தவளுக்கு மரணப்படுக்கையில்கூட நற்கருணை (திருவிருந்து) கிடையாது. ஓர் அடிமைப் பெண்ணின் உயிரைவிடப் படுக்கையின் கறை கனமாக எடைபோடப்பட்டது. துளிர் கேட்ட "ஏன் இது மட்டும்?" என்பதற்கு வேர் அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது.

ஆனால் 325இல் நிசேயா சங்கம், சாகும் தறுவாயில் இருப்பவர் கேட்டால் நற்கருணையை மறுக்கக்கூடாது என்றது. அதே நூற்றாண்டில் ஆயர் பேசில் விபசாரத்துக்குப் பதினைந்து வருடத் தவம் விதித்தார், கடுமைதான். ஆனாலும் தானாக வந்து அறிக்கையிட்ட பெண்களின் காரியத்தைப் பகிரங்கப்படுத்தக் கூடாது, அது அவர்கள் சாவுக்குக் காரணமாகிவிடும் என்று ஒரு விதியும் வைத்தார். கணவனுக்கு ஒரு நியாயம், மனைவிக்கு ஒரு நியாயம் என்ற வழக்கத்துக்குத் தர்க்கம் சொல்வது எளிதல்ல, வழக்கம் அப்படி இருக்கிறது என்றும் அவரே எழுதினார். அவருடைய நண்பர் நாசியான்சின் கிரகோரி இன்னும் ஒரு படி மேலே போனார்: சட்டம் இயற்றினவர்கள் ஆண்கள், அதனால்தான் சட்டம் பெண்களுக்கு விரோதமாக இருக்கிறது, இந்தச் சட்டத்தை நான் ஏற்கவில்லை என்று பிரசங்கத்திலேயே சொன்னார்.

துளிர்

கிரகோரி சொன்னதை நான் முதல்முறையாகக் கேள்விப்படுகிறேன். நன்றி ஐயா. அப்படியானால் மனந்திரும்பியவரைச் சேர்த்துக்கொள்வதில் ஆரம்பத்திலிருந்தே இரண்டு கட்சி இருந்ததா?

ஏட்டுச்சுவடி

இருந்தது. இரண்டாம் நூற்றாண்டு நூலான எர்மாவின் மேய்ப்பன், விபசாரம் செய்த மனைவி மனந்திரும்பி வந்தால் கணவன் சேர்த்துக்கொள்ள வேண்டும், சேர்க்காவிட்டால் அவனே பெரும் பாவத்தைச் சுமக்கிறான் என்கிறது. கணவன் தவறினாலும் இதே விதி என்றும் சேர்த்துச் சொல்கிறது. ஆனால் ஞானஸ்நானத்துக்குப் பிறகு ஒரே ஒரு மனந்திரும்புதல்தான். சில தலைமுறை கழித்து, வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எதிர்க்கரையில் நின்றார். தவம் முடித்த விபசாரக்காரருக்கு மன்னிப்பு உண்டு என்று ஓர் ஆயர் அறிவித்ததைக் கேட்டுக் கொதித்துப்போய், கற்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார். சபை பெரும்பாலும் அந்த ஆயரின் பக்கமே போனது.

குருத்தோலை

கத்தோலிக்கர் தரப்பிலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். பொதுவில் நின்று தவம் செய்யும் பழைய முறை மாறி, குருவிடம் தனியாக, எத்தனை முறை விழுந்தாலும் அத்தனை முறையும் போய் அறிக்கையிடலாம் என்ற வழக்கம் அயர்லாந்துத் துறவிகள் வழியாகப் பரவியது. 589இல் தொலேதோ சங்கம் இந்தத் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்கும் பழக்கத்தைக் கண்டித்தது. அதையும் மீறி அதுவே நிலைத்தது. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் வருடத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்யச் சொன்னபோது, கேட்டதை வெளியிடும் குருவுக்குக் கடுமையான தண்டனையையும் விதித்தது. மார்த்தாள் சொன்ன அந்தப் பெண்ணைப் போன்றவர்களை ஊர் நடுவில் நிறுத்தாமல் காப்பாற்றிய ஏற்பாடு இது. இதன் அருமை எங்கள் ஆட்களுக்கே தெரிவதில்லை.

பாவத்தின் கனத்தைப் பற்றி: இடைக்கால இறையியலாளர் தோமா அக்குவினா, உடல் சார்ந்த பாவங்கள் ஆவி சார்ந்த பாவங்களைவிடக் குற்றத்தில் குறைந்தவை என்று எழுதியிருக்கிறார். அகந்தையில் மனிதன் கடவுளை விட்டு முகத்தைத் திருப்புகிறான்; மோகத்தில் கீழான ஒரு நன்மையின் பக்கம் சாய்கிறான். வெட்கம் என்னவோ மோகத்துக்குத்தான் அதிகம். வெட்கத்தையும் கனத்தையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அகந்தையுள்ளவன் ஞாயிறுதோறும் முன்வரிசையில் தலைநிமிர்ந்து உட்காருகிறான், யாருக்கும் அது உறுத்துவதில்லை.

கல்தூண்

வெட்கமும் கனமும் வேறு என்பது ஏற்புடையதே. ஆனால் "குறைந்தது" என்பது "ஒன்றுமில்லை" என்று ஆகிவிடும் காலத்தில் வாழ்கிறோம், அதனால்தான் நான் அழுத்துகிறேன்.

மார்த்தாள் சொன்ன சபை செய்தது அநியாயம். அதைச் சபை ஒழுங்கு என்று நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். மத்தேயு 18இல் இயேசு வைத்த முறை, முதலில் தனியாகப் போய்ப் பேசு என்பது. அங்கேயே காரியம் முடிந்தால் மூன்றாவது ஆளுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பவுலும் அப்படித்தான். கொரிந்துவில் விலக்கச் சொன்ன அவர், இரண்டாம் நிருபத்தில் தண்டனை போதும், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்கிறார். இரண்டும் ஒரே ஆளைப் பற்றியவையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, மனப்போக்கு அதுதான். கலாத்தியர் 6:1, குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணச் சொல்லிவிட்டு, "நீயும் சோதிக்கப்படாதபடிக்கு உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு" என்கிறது. விலகிய எலும்பைத் திரும்பப் பொருத்துகிறவன் வலிக்கச் செய்வான்; ஆனால் நடக்க வைப்பதற்காகச் செய்வான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். "புறம்பே இருக்கிறவர்களைக்குறித்துத் தீர்ப்புச்செய்கிறது என் காரியமா?" என்று பவுல் கேட்கிறார். நாமோ வெளியே இருக்கிறவர்களின் படுக்கையைப் பற்றி மேடையில் முழங்குகிறோம், உள்ளே இருக்கிற மூப்பரின் காரியத்தில் வாய் திறப்பதில்லை.

மார்த்தாள்

இந்தக் கடைசிப் பத்திக்காக உங்களுக்கு நன்றி அண்ணா.

மத்தேயு ஒண்ணாம் அதிகாரத்தை எல்லாரும் பேர் பட்டியல்னு தாண்டிப் போயிடறோம். அதுல தாமார் இருக்கா. அவளோட மாமனார் யூதா, அவ கர்ப்பமானதைக் கேட்டு அவளைச் சுட்டெரிக்கச் சொன்னவன். தன்னோட முத்திரையும் கோலும் அவ கையில இருக்கிறதைப் பார்த்ததும் "என்னிலும் அவள் நீதியுள்ளவள்"னு சொல்லவேண்டியதாப் போச்சு. அப்புறம் யோசேப்பு. மரியாளோட வயித்துல இருக்கிறது யாருன்னு தூதன் சொல்றதுக்கு முன்னாடியே, அவளை அவமானப்படுத்த மனசில்லாம இரகசியமா விலக்கிவிட நினைச்சான். தப்பு நடந்திருக்குன்னு நம்பின நேரத்துலதான் அந்த முடிவு. அதுக்குத்தான் வேதம் அவனை நீதிமான்னு சொல்லுது. நீதின்னா என்னன்னு எனக்கு யாராவது கேட்டா, நான் காட்டற இடம் அதுதான்.

பிற்காலத்துல ஜோசபின் பட்லர்னு ஒரு இங்கிலாந்துக் கிறிஸ்தவப் பெண் இருந்தாங்க. 1864இல் அங்க அரசாங்கம் ஒரு சட்டம் போட்டுச்சு: படைமுகாம் ஊர்கள்ல விலைமாதுன்னு சந்தேகப்பட்டா அந்தப் பெண்ணைப் பிடிச்சு உடல்பரிசோதனை செய்யலாம். அவங்ககிட்ட போன சிப்பாய்க்கு ஒண்ணும் கிடையாது. பட்லர் ஒழுக்கம் தளரணும்னு கேட்கல. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல் வேணும்னு வேதத்தைக் கையில வச்சுகிட்டே போராடினாங்க. 1886இல் சட்டம் ரத்தாச்சு. கண்டிப்பும் இரக்கமும் ஒரே ஆள்கிட்ட இருக்க முடியுமான்னு துளிர் கேட்டாளே, இருந்திருக்கு.

பெயர்வேண்டாம்

இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்குப் பெண்கள்மேல் ஈர்ப்பு வந்ததே இல்லை, ஆண்கள்மேல்தான். என் சபையின் போதனையை ஏற்று யாரோடும் சேராமல் தனியாக வாழ்கிறேன். ஒரு மூப்பரை நம்பி இதைச் சொன்னேன். அதன் பிறகு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் என்ன பாவம் செய்தேன் என்று யாரும் சொல்லவில்லை. "இனிப் பாவஞ்செய்யாதே" என்பதை நான் கைக்கொண்டாயிற்று. "ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை" என்பது எனக்கு எப்போது கிடைக்கும்?

கல்தூண்

சகோதரரே, உங்களுக்குச் செய்யப்பட்டது அநீதி. ஆணும் பெண்ணும் சேர்ந்த திருமணத்துக்குள்தான் உடலுறவு என்று நான் நம்புகிறேன், அதில் மாற்றமில்லை. அந்த நம்பிக்கையின்படியே பார்த்தாலும் சோதனை பாவம் ஆகாது. நீங்கள் கொடுத்துக்கொண்டிருக்கிற விலை எங்களில் மணமானவர்கள் யாரும் கொடுக்காத விலை. உங்களிடமிருந்து இதைக் கேட்கிற சபை, உங்களுக்கு வீடாகவும் குடும்பமாகவும் இருக்கக் கடமைப்பட்டது. அதைச் செய்யாமல் போதனையை மட்டும் சுமத்துவது, மனுஷர் தோள்மேல் பாரத்தை ஏற்றிவிட்டு விரலாலும் தொடாத பரிசேயரின் வேலை. தனிச்செய்தியில் எழுதுங்கள்.

குருத்தோலை

1992இல் வெளிவந்த எங்கள் மறைக்கல்வி நூல் ஒருபால் உறவை ஏற்கவில்லை. அதே பகுதியில், இந்த ஈர்ப்பு உடையவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்கவேண்டும், அநியாயமான பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக்கூடாது என்றும் சொல்கிறது. முதல் பாதியை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் பலர், இரண்டாம் பாதியை வாசித்தவர்கள் சிலர். போதனையே மாறவேண்டும் என்று கருதும் கிறிஸ்தவர்களும் உண்டு. ஆங்கிலிக்கன், லூத்தரன் சபைகள் சில மாற்றியும் இருக்கின்றன. அந்த விவாதம் எப்படிப் போனாலும், உங்களிடமிருந்து பாடப்புத்தகத்தைப் பறித்ததற்கு எந்தப் போதனையிலும் இடமில்லை.

நிழல்மரம்

தாமதமாக வருகிறேன். எல்லாரும் இரக்கத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், எனக்கு ஒரு பயம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களோடு வேலை செய்கிறவள் நான். இரக்கம் என்ற சொல்லை அதிகமாகக் கேட்டது குற்றம் செய்த போதகர்களின் பக்கத்திலிருந்துதான். "அவர் மனந்திரும்பிவிட்டார், நீ மன்னித்துவிடு, சபையின் பெயர் கெட்டுவிடும்." குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களை விசாரித்த ஆஸ்திரேலிய அரச ஆணையத்தின் 2017 அறிக்கையைப் படியுங்கள்; குற்றம் சாட்டப்பட்ட குருக்கள் ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு மாற்றப்பட்டார்கள். கத்தோலிக்கர் மட்டும்தான் என்று சீர்திருத்தச் சபையார் நினைக்க வேண்டாம். 2022இல் அமெரிக்காவின் தென் பாப்திஸ்துச் சபைகளைப் பற்றி வந்த விசாரணை அறிக்கையில், தலைமை தன்னிடம் பாலியல் குற்றம் சாட்டப்பட்ட ஊழியக்காரர்களின் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டே புகார் சொன்னவர்களைத் தள்ளிவிட்டது தெரியவந்தது.

இதைப் பாவம் என்று மட்டும் பேசுவதில்தான் தப்பு தொடங்குகிறது. இது குற்றம். காவல்துறைக்குப் போகவேண்டியது. தாவீது ராஜா இன்னொருவன் மனைவியான பத்சேபாளை அழைப்பித்த கதையில் தீர்க்கதரிசி நாத்தான் யாரிடம் போனான்? ராஜாவிடம். "நீயே அந்த மனுஷன்" என்றான். அவன் சொன்ன உவமையில் ஆட்டுக்குட்டி எந்தத் தப்பும் செய்யவில்லை. தாவீதுக்கு மன்னிப்புக் கிடைத்தது, விளைவுகள் நீங்கவில்லை. ரோமாபுரி சூறையாடப்பட்டபோது பலவந்தம் செய்யப்பட்ட பெண்களைப் பற்றி அகுஸ்தீன் எழுதியதும் நினைவுக்கு வருகிறது: மனம் இசையாதவளின் பரிசுத்தத்தை இன்னொருவனின் இச்சை பறிக்க முடியாது, அவள் தன்னைத் தண்டித்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை. ஆயிரத்து அறுநூறு வருடம் ஆகிறது, இன்னும் "நீ என்ன உடுத்தியிருந்தாய்" என்று கேட்கிறார்கள்.

குருத்தோலை

சரியாகச் சொன்னீர்கள். தன்னோடு உடல்பாவத்தில் ஈடுபட்டவருக்குத் தானே பாவமன்னிப்புக் கொடுக்கும் குருவின் மன்னிப்பு, மரண ஆபத்து நேரம் தவிர, செல்லாது. அவர் திருச்சபையிலிருந்து விலக்கப்படுகிறார் என்று எங்கள் சட்டத்தில் இருக்கிறது. அதிகாரம் உள்ளவன் இரக்கத்தையே கருவியாக்குவான் என்று சட்டம் எழுதினவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை அமல்படுத்த வேண்டியவர்கள்தான் தவறினார்கள்.

துளிர்

அப்படியானால் எல்லார் முன்பாகவும் கண்டிப்பது என்று புதிய ஏற்பாட்டில் எங்காவது இருக்கிறதா? இருந்தால் யாருக்காக?

கல்தூண்

1 தீமோத்தேயு 5:20. "மற்றவர்களுக்குப் பயமுண்டாகும்படி, பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்." முந்தின வசனத்தைப் பாருங்கள், பேச்சு மூப்பர்களைப் பற்றியது. இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பனுக்கு விரோதமான புகாரை ஏற்காதே என்று சொல்லிவிட்டு, பாவம் உறுதியானால் எல்லாருக்கும் முன்பாகக் கண்டிக்கச் சொல்கிறார் பவுல். கர்ப்பமான இளம்பெண்ணைச் சபை முன் நிறுத்துவதற்கு ஆதாரமாக இதைக் காட்டுகிறவர்கள் வசனத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

நிழல்மரம்

அந்த "இரண்டு மூன்று சாட்சிகள்" என்பதற்கும் ஒரு வார்த்தை, கல்தூண் ஐயா. பூட்டிய அறையில் நடந்ததற்குச் சாட்சி எங்கே என்று கேட்டே எத்தனையோ புகார்களை மூடியிருக்கிறார்கள். உபாகமம் 22:25 முதல் 27 வரை வாசியுங்கள். வெளியிலே ஒருவன் ஒரு பெண்ணைப் பலவந்தம் செய்கிறான். பார்த்தவர் ஒருவரும் இல்லை, கூப்பிட்ட குரலைக் கேட்டவரும் இல்லை. "கூக்குரலிட்டும் அவளை இரட்சிக்க ஒருவரும் இல்லை" என்று சட்டமே அவள் பக்கம் நின்று பேசுகிறது. ஒருவன் எழும்பி அயலானைக் கொல்வதற்கு ஒப்பானது இது என்கிறது, அவள்மேல் குற்றமே சுமத்தாமல். சாட்சி கேட்கிற மூப்பர்கள் இந்த மூன்று வசனத்தையும் கூட்டத்தில் சத்தமாக வாசித்துவிட்டு, அதற்குப் பிறகு புகார் கொடுத்தவளை உள்ளே கூப்பிடட்டும்.